பெண்கள் நடத்தும் சிறிய சிஐசி: வருடக் கணக்கைப் படிப்பது எப்படி?

வங்கியில் 11,100 பவுண்டு கிடக்கிறதே, அப்புறம் எதற்கு இன்னொரு கிராண்டுக்கு விண்ணப்பம் போடுகிறீர்கள்? பிரிட்டனில் சின்னதாக ஒரு பெண்கள் அமைப்பு நடத்துகிற யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. புதிதாகச் சேர்ந்த டைரக்டர் கேட்பார், தையல் வகுப்புக்கு வரும் அக்கா கேட்பார், சில நேரம் பணம் தரப்போகிறவரே கேட்பார். கேள்வி நியாயமானதுதான். பதிலும் வருடக் கணக்கிலேயே இருக்கிறது. ஆனால் அக்கவுண்டன்ட் அனுப்பும் இரண்டு பக்கத் தாளில் அது வெளியே தெரியாது. அதில் ஏழெட்டு எண்களும் ஒரு கையெழுத்தும்தான் இருக்கும், மற்றதெல்லாம் அந்த எண்களுக்குள் மடங்கிக் கிடக்கும். அதைப் பிரித்துப் பார்க்கக் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில் சிஐசி என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். கம்யூனிட்டி இன்ட்ரஸ்ட் கம்பெனி என்பதைத்தான் எல்லோரும் சிஐசி என்கிறார்கள். 2004-ல் சட்டம் வந்தது, 2005 ஜூலையிலிருந்து பதிவு தொடங்கியது, இன்று 30,000-க்கு மேற்பட்ட சிஐசி-கள் இருக்கின்றன. இது சாரிட்டி கிடையாது. மற்ற லிமிடெட் கம்பெனிகளைப் போலவே கம்பெனீஸ் ஹவுஸில் (அரசின் கம்பெனிப் பதிவகத்தில்) பதிவாகிற ஒரு கம்பெனிதான், ஆனால் இரண்டு கட்டுகள் கூடுதலாக உண்டு. ஒன்று, அது செய்கிற வேலை சமூகத்துக்குப் பயன்படுகிறது என்று சாதாரண மனிதர் ஒருவர் ஒப்புக்கொள்ளும்படி இருக்க வேண்டும். இரண்டாவது, அதன் பணமும் பொருளும் பூட்டுப் போட்டவை: சமூக வேலைக்குத்தான் செலவாக வேண்டும், கம்பெனியை மூடினாலும் மிச்சத்தை டைரக்டர்கள் பிரித்துக்கொள்ள முடியாது, இதே மாதிரிப் பூட்டு உள்ள இன்னொரு சிஐசி-க்கோ சாரிட்டிக்கோதான் அது போகும். இதையெல்லாம் கவனிக்கத் தனியாக ஒரு சிஐசி ரெகுலேட்டர் இருக்கிறார்.

சின்னப் பெண்கள் அமைப்புகள் பெரும்பாலும் பங்குகளே இல்லாத, உறுப்பினர்கள் ஒரு சின்னத் தொகைக்கு மட்டும் பொறுப்பேற்கிற 'உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட' வகையைத்தான் எடுக்கின்றன. அதில் டிவிடெண்ட், அதாவது லாபத்தைப் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுப்பது, என்ற பேச்சே இல்லை. பங்கு உள்ள வகையில் கூட, பிரித்துக் கொடுக்கக்கூடிய லாபத்தில் மொத்தம் 35 சதவீதத்துக்கு மேல் வெளிப் பங்குதாரர்களுக்குப் போகக் கூடாது.

சரி, ஒரு உதாரணக் கணக்கைப் போடுவோம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை, எந்த அமைப்பின் கணக்கும் அல்ல. ஒரு நகரத்தில் சமூகக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வாரத்துக்கு ஒரு தையல் வகுப்பு, ஒரு ஆங்கிலப் பேச்சு வகுப்பு, இடையில் கூட்டங்களுக்கு மதியச் சாப்பாடு செய்து கொடுக்கும் வேலை என்று நடக்கிற ஒரு பெண்கள் சிஐசி. நிதியாண்டு 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை. லெஸ்டர், பிராட்ஃபோர்ட், ஹாரோ, ஈஸ்ட் ஹாம் என்று எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

வரவு: கைக்கு வந்ததெல்லாம் வருமானம் அல்ல

அந்த ஆண்டில் வங்கிக்கு வந்த பணம் இது. ஜனவரியில் 12,000 பவுண்டு கிராண்ட். ஆண்டின் தொடக்கத்தில் உள்ளூர் கவுன்சிலுடன் 6,000 பவுண்டுக்குப் போட்ட ஒப்பந்தத்தில் 4,500. வகுப்புக் கட்டணம் 4,200. சாப்பாட்டு ஆர்டர்கள் 5,300. நன்கொடை 900. மொத்தம் 26,900. இதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் 'இந்த வருடம் நன்றாகப் போயிருக்கிறது' என்கிறார்கள்.

ஆனால் வருடக் கணக்கில் வருமானம் என்று போவது 19,400 மட்டுமே. எப்படி?

கிராண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது 2026 ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை, பன்னிரண்டு மாத வேலைக்காகத் தரப்பட்டது. மார்ச் 31-ல் ஆண்டு முடியும்போது மூன்று மாத வேலைதான் நடந்திருக்கிறது. ஆகவே 3,000 பவுண்டு இந்த ஆண்டின் வருமானம். மீதி 9,000 அடுத்த ஆண்டுக்கு உரியது, அதுவரை அது ஒரு கடன் போல எழுதப்படும். சீட்டுப் பிடிக்கிற அக்காவின் கைப்பையில் இருக்கிற பணம் மாதிரிதான் இது: பை அவருடையது, பணம் அவருடையது அல்ல. வேலையைச் செய்யாமல் விட்டால் கொடுத்தவர் திருப்பிக் கேட்கலாம், கேட்கவும் செய்கிறார்கள்.

கவுன்சில் ஒப்பந்தத்தில் இதற்கு நேர் எதிரான கதை. வேலை முழுவதும் முடிந்துவிட்டது, கடைசி 1,500 பவுண்டுக்கு இன்வாய்ஸ் அனுப்பியாகிவிட்டது, பணம் மட்டும் மே மாதம்தான் வரும். அதனால் கைக்கு வராத அந்த 1,500-ம் இந்த ஆண்டு வருமானத்தில் சேர்கிறது. ஆக 3,000, 6,000, 4,200, 5,300, 900. கூட்டிப் பாருங்கள், 19,400 வரும்.

புதிதாகக் கணக்கு பார்ப்பவர்கள் தடுமாறுவது இந்த ஓரிடத்தில்தான். பணம் எப்போது வந்தது என்பது ஒரு கேள்வி, எந்தக் காலத்து வேலைக்காக வந்தது என்பது வேறு கேள்வி. வருடக் கணக்கு இரண்டாவதைக் கேட்கிறது.

கிராண்ட் பணத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. 'குழந்தை பார்ப்பவருக்கும் ஆங்கில ஆசிரியைக்கும் மட்டும்' என்று சொல்லிக் கொடுத்திருந்தால், அது அதற்கு மட்டும்தான். சாப்பாட்டு வேலைக்குப் பாத்திரம் வாங்க அதில் கை வைக்கக் கூடாது, அடுத்த வாரமே திருப்பி வைத்துவிடுவேன் என்றாலும் கூடாது. வகுப்புக் கட்டணமும் சாப்பாட்டு ஆர்டரில் மிஞ்சுவதும் நன்கொடையும்தான் உங்கள் விருப்பப்படி செலவழிக்கக்கூடிய பணம். அந்தப் பணம் அளவில் சின்னது என்றாலும் அமைப்புக்கு மூச்சு விட இடம் கொடுப்பது அதுதான். கிராண்ட் முடிந்து அடுத்தது வருவதற்குள் வருகிற இரண்டு மாத வாடகையை அதுதான் கட்டும். ஒவ்வொரு கிராண்டுக்கும் வரவு செலவு எழுத ஒரு தனிப் பத்தி போடுங்கள், எக்ஸெல் போதும், விலைகொடுத்து மென்பொருள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

வகுப்புக் கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. வாசலில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா, வருகிறவர்கள் ஆளுக்கு 2 பவுண்டு போடுவார்கள், சிலர் போட மாட்டார்கள், சிலர் போன வாரத்துக்கும் சேர்த்துப் போடுவார்கள். நம்பிக்கையில் நடக்கிற விஷயம்தான், ஆனால் ஒரு கோடு போட்ட நோட்டு அந்த டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். தேதி, எத்தனை பேர் வந்தார்கள், டப்பாவில் எவ்வளவு, எண்ணிய இருவரின் சுருக்கக் கையொப்பம். அதை அப்படியே வங்கியில் போடுங்கள். அந்தப் பணத்திலிருந்தே பாலும் தேயிலையும் வாங்கிவிட்டு மிச்சத்தைப் போடும் வழக்கம் வந்துவிட்டால், வருமானமும் குறைந்து தெரியும், செலவும் குறைந்து தெரியும், யார் மேலாவது சந்தேகம் வரும் நாளில் காட்ட ஒன்றும் இருக்காது. கடைசியில் சொன்னதுதான் எனக்கு முக்கியம். காசு களவு போனதைவிட, களவு போயிருக்குமோ என்ற பேச்சினால் உடைகிற அமைப்புகள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

செலவு, எழுதாமல் விடும் செலவு

செலவு இப்படி. கூட வாடகை 3,900. ஆசிரியைகளுக்கு 5,200. ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கும் டைரக்டருக்கு 3,600. குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு 1,700. சமையல் பொருள் 1,900. காப்பீடு 450. பஸ் கட்டணம் 620. போன், இணையம் 380. அக்கவுண்டன்ட், பதிவுக் கட்டணங்கள் 500. மொத்தம் 18,250.

இதில் 1,700, 620 இரண்டையும் சற்று நின்று பாருங்கள். பொது அமைப்பு ஒன்றின் கணக்கில் இவை 'இதர செலவு' என்று கீழே எங்கோ போயிருக்கும். பெண்கள் அமைப்பில் இவை இல்லாவிட்டால் வகுப்பே இல்லை. மூன்று வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு, கையில் பஸ்ஸுக்குக் காசில்லாமல் ஒரு பெண் எப்படி வருவார்? அதனால் விண்ணப்பத்தில் பட்ஜெட் போடும்போது குழந்தை பார்க்கும் செலவையும் பயணத்தையும் வேலையின் நேரடிச் செலவாக, மேலேயே எழுதுங்கள். குறைக்கச் சொன்னால் வேறு எதையாவது குறைக்கலாம்.

காப்பீட்டில் ஒன்று கவனிக்க வேண்டும். யாரையாவது ஊழியராக வைத்திருந்தால் முதலாளி பொறுப்புக் காப்பீடு சட்டப்படி கட்டாயம், குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு. பொதுப் பொறுப்புக் காப்பீடு சட்டத்தில் கட்டாயமில்லை, ஆனால் அது இல்லாமல் யாரும் கூடத்தைத் தர மாட்டார்கள்.

அடுத்து, அந்த 3,600. டைரக்டர் சம்பளம் வாங்கலாமா என்பது பலருக்குக் கூச்சம் தருகிற விஷயம். வாங்கலாம். சிஐசி-யைத் தேர்ந்தெடுப்பதற்கே அது ஒரு பெரிய காரணம். சாரிட்டியில் அறங்காவலர்கள் பொதுவாகச் சம்பளம் வாங்க முடியாது, இங்கே வேலைக்குத் தக்க நியாயமான சம்பளம் வாங்கலாம், எவ்வளவு என்பதை ஆண்டறிக்கையில் வெளிப்படையாகச் சொன்னால் போதும். டைரக்டருக்கான சம்பளம் பேயீ (சம்பளம் கொடுக்கும்போதே வரி பிடிக்கும் முறை) வழியாகப் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம், ஒரு இன்வாய்ஸ் எழுதி எடுத்துக்கொள்வது சரிவராது. ஆண்டுக்கு 5,000 பவுண்டுக்குக் கீழே என்பதால் முதலாளி கட்டும் தேசியக் காப்பீடு இங்கே வராது. அதற்கு மேலே போனால் 2025 ஏப்ரலிலிருந்து 15 சதவீதம், ஆனால் எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் என்ற கழிவு கிடைக்கிற சின்ன அமைப்புகளுக்கு அதுவும் பெரும்பாலும் கழிந்துவிடும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அந்த ஒருங்கிணைப்பாளர் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறார்? 3,600 பவுண்டை 2025-26-க்கான குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 12.21-ஆல் வகுத்தால் சுமார் 295 மணி நேரம், அதாவது வாரத்துக்குச் சுமார் ஆறு மணி நேரம். நிஜத்தில் அவர் வாரம் பதினைந்து மணி நேரம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தின் சாவி வாங்குவது, விண்ணப்பம் எழுதுவது, கவுன்சிலுக்கு இரண்டாவது தடவை நினைவூட்டுவது, வகுப்பு முடிந்த பிறகு வீட்டில் பிரச்சினை என்று அழுகிற ஒருவரோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பது, எல்லாம் சேர்த்து. ஆண்டில் 48 வாரம் என்றால் 720 மணி நேரம். அதே குறைந்தபட்சக் கூலியில் 8,791 பவுண்டு. வேலை ஒப்பந்தம் இல்லாத டைரக்டருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது, அதனால் இங்கே சட்ட மீறல் ஒன்றுமில்லை. ஆனால் கணக்கில் எழுதாத 5,191 பவுண்டை ஒரு பெண் தன் கையிலிருந்து அமைப்புக்குப் போட்டிருக்கிறார், அதை அந்த இரண்டு பக்கத் தாளில் எங்கேயும் காண முடியாது.

கணக்கில் 1,150 பவுண்டு உபரி தெரியும். அந்த மணி நேரங்களை எழுதியிருந்தால் நாலாயிரத்துக்கு மேல் பற்றாக்குறை தெரிந்திருக்கும். எது நிஜம்? என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். ஏனென்றால் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகிற அன்று அந்த வேலைக்கு வேறு ஆள் வைக்க வேண்டும், அந்த ஆளுக்குக் காசு கொடுக்க வேண்டும், அந்தக் காசு எந்த விண்ணப்பத்திலும் கேட்கப்படவே இல்லை. பெண்களின் உழைப்பு வீட்டில் கணக்கில் வராதது போதாதென்று, பெண்களுக்காகப் பெண்களே நடத்தும் கம்பெனியிலும் வராமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை. பிரிட்டனின் பெண்கள் நிதியமான ரோசா 2023-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 2021-ல் தொண்டு நிதியாகத் தரப்பட்ட மொத்தப் பணத்தில் 1.8 சதவீதம் மட்டுமே பெண்களுக்கும் சிறுமிகளுக்குமான வேலைகளுக்குப் போனதாகச் சொன்னது. அவ்வளவு சின்னப் பங்கை வைத்துக்கொண்டு இத்தனை அமைப்புகள் ஓடுகின்றன என்றால், அதில் ஒரு பகுதியை ஓட்டுவது இந்த எழுதப்படாத மணி நேரங்கள்தான்.

ஆகவே சம்பளம் கொடுக்க முடியாவிட்டாலும் நேரத்தை எழுதுங்கள். வாரக் கடைசியில் போனில் ஒரு வரி: யார், எத்தனை மணி, என்ன வேலை. வருட முடிவில் அதைக் கூட்டி, கணக்குக்குக் கீழே தனியாக ஒரு குறிப்பாக வையுங்கள். அடுத்த விண்ணப்பத்தில் ஒருங்கிணைப்புக்கு ஆறு மணி நேரம் என்று எழுதாமல் பதினைந்து என்று எழுத அதுவே ஆதாரம். வாடகை, போன், அக்கவுண்டன்ட், நிர்வாக நேரம் எல்லாவற்றிலும் அந்தத் திட்டத்துக்கு உரிய பங்கைச் சேர்த்துக் கேட்பதை முழுச் செலவு மீட்பு என்பார்கள். லாட்டரிப் பணத்தைச் சமூக வேலைகளுக்குத் தருகிற நேஷனல் லாட்டரி கம்யூனிட்டி ஃபண்ட் போன்றவை அதை ஏற்றுக்கொள்கின்றன. இங்கிலாந்தில் அதன் சின்ன நிதித் திட்டத்தில் 300 முதல் 20,000 பவுண்டு வரை கேட்கலாம். கூச்சப்பட்டுக் குறைத்துக் கேட்டால் தரம் உயர்ந்ததாக யாரும் நினைப்பதில்லை, இவர்கள் கணக்குத் தெரியாமல் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

மார்ச் 31 இரவு எப்படி இருந்தது

வரவு செலவு ஒரு ஆண்டின் கதை. இருப்புநிலைக் குறிப்பு ஒரு நாளின் படம். நம் உதாரணத்தில் ஆண்டின் தொடக்கத்தில் வங்கியில் 2,100 பவுண்டு இருந்தது, கடன் ஒன்றுமில்லை. 26,900 வந்தது. செலவு 18,250, ஆனால் மார்ச் மாதத்து வாடகைப் பாக்கி 350 இன்னும் கட்டவில்லை, அதனால் வெளியே போனது 17,900. ஆக வங்கியில் 11,100.

அதோடு கவுன்சில் தர வேண்டிய 1,500-ஐச் சேர்த்தால் 12,600. இனிக் கழிப்போம். செய்ய வேண்டிய கிராண்ட் வேலைக்கு 9,000, வாடகைப் பாக்கி 350, வரி 218.50 (வரி எங்கிருந்து வந்தது என்று அடுத்துச் சொல்கிறேன்). மிச்சம் 3,031.50. அமைப்புக்கு உண்மையில் சொந்தமான பணம் இதுதான். மாதச் செலவு சராசரியாக 1,520 பவுண்டு என்பதால், எல்லா வரவும் நின்றுபோனால் இரண்டு மாதம் தாங்கும்.

மூன்று மாதச் செலவாவது கையிருப்பாக இருக்கட்டும் என்று பலர் சொல்வதுண்டு, நல்ல இலக்குதான். 'லாபநோக்கம் இல்லாத அமைப்பு, உபரி எதற்கு' என்று சிலர் சங்கடப்படுவார்கள். சிஐசி உபரி வைக்கலாம், வைக்கவும் வேண்டும். தனிப்பட்டவர் பைக்குள் போகக் கூடாது என்பதுதான் சட்டம். ஆனால் எதற்காக வைத்திருக்கிறோம் என்று டைரக்டர் கூட்டத்தில் இரண்டு வரி எழுதித் தீர்மானமாக்கிக்கொள்ளுங்கள், நிதி தருபவர் கேட்டால் காட்டலாம்.

வரி விஷயம்

சிஐசி-க்குச் சாரிட்டியின் வரிச் சலுகைகள் கிடையாது. இதைத் தெரியாமல் முதல் ஆண்டில் அதிர்ச்சி அடைகிறவர்கள் நிறைய. உபரிக்குக் கார்ப்பரேஷன் டாக்ஸ், அதாவது கம்பெனி லாபத்தின் மேல் வரி, உண்டு. லாபம் 50,000 பவுண்டு வரை 19 சதவீதம். 1,150-க்கு 218.50. கிராண்ட் பணமும் பொதுவாக நடைமுறை வருமானமாகவே பார்க்கப்படும், அதனால்தான் அந்த 9,000-ஐ அடுத்த ஆண்டுக்குச் சரியாகத் தள்ளி எழுதுவது முக்கியமாகிறது. முழுவதையும் இந்த ஆண்டு வருமானமாகப் போட்டிருந்தால், செலவழிக்கவே போகிற பணத்துக்கு 1,710 பவுண்டு கூடுதல் வரி கட்டியிருப்பீர்கள். இதில் நுணுக்கங்கள் உண்டு, குறிப்பாக இயந்திரம் போல நிரந்தரப் பொருள் வாங்கத் தந்த கிராண்டில். அங்கே அக்கவுண்டன்டைக் கேட்டுக்கொள்வது நல்லது.

நன்கொடையின் மேல் அரசு கூடுதலாகத் தருகிற கிஃப்ட் எய்டும் கிடையாது. அந்த 900 பவுண்டு நன்கொடை ஒரு சாரிட்டிக்கு, வரி கட்டுகிறவர்களிடமிருந்து வந்திருந்தால், அரசிடமிருந்து இன்னும் 225 பவுண்டு வாங்கியிருக்கலாம். சம்பளமும் வேண்டும், கிஃப்ட் எய்டும் வேண்டும் என்றால் நடக்காது. எது வேண்டும் என்று கம்பெனி தொடங்குமுன் யோசிக்க வேண்டிய விஷயம். வாட் வரி பற்றி இந்த அளவில் கவலை வேண்டாம், வரிக்கு உட்பட்ட விற்பனை பன்னிரண்டு மாதத்தில் 90,000 பவுண்டைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம்.

யாருக்கு, எப்போது அனுப்புவது

மார்ச் 31-ல் முடிந்த ஆண்டுக்கு, டிசம்பர் 31-க்குள் கம்பெனீஸ் ஹவுஸுக்குக் கணக்கு போக வேண்டும். மறுநாள், ஜனவரி 1-க்குள், வரியைக் கட்ட வேண்டும். வரி ரிட்டர்னை எச்எம்ஆர்சி-க்கு (வரித் துறைக்கு) அடுத்த மார்ச் 31-க்குள் அனுப்பலாம். பணத்தை முன்னாடி கட்டி, படிவத்தைப் பின்னாடி அனுப்புகிற இந்த வரிசை விநோதமானது, ஆனால் அப்படித்தான். கணக்கையும் ரிட்டர்னையும் சேர்த்து இலவசமாக அனுப்ப முன்பு இருந்த அரசு இணையச் சேவை 2026 மார்ச் 31-உடன் நின்றுவிட்டது, இனி ரிட்டர்னுக்கு மென்பொருளோ அக்கவுண்டன்டோ வேண்டும். பட்ஜெட்டில் அதற்கு ஒரு தொகை போட்டுக்கொள்ளுங்கள். இது தவிர கன்ஃபர்மேஷன் ஸ்டேட்மென்ட் என்று ஆண்டுக்கு ஒரு முறை, டைரக்டர் விவரமெல்லாம் சரிதான் என்று உறுதிப்படுத்தும் படிவம் தனியாக உண்டு. முதல் கணக்குக்கு மட்டும் கம்பெனி பதிவான நாளிலிருந்து 21 மாதம் அவகாசம்.

தாமதமானால் அபராதம்: ஒரு மாதம் வரை 150 பவுண்டு, மூன்று மாதம் வரை 375, ஆறு மாதம் வரை 750, அதற்கும் மேல் 1,500. இரண்டு ஆண்டு தொடர்ந்து தாமதித்தால் இரட்டிப்பு. சின்ன அமைப்பு, பெண்கள் சும்மா நடத்துவது என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். 1,500 பவுண்டு என்பது நம் உதாரணத்தில் ஒரு மாதச் செலவு முழுவதும்.

சிஐசி-க்கு மட்டுமே உரிய ஒன்று சிஐசி34 என்ற ஆண்டறிக்கை. 15 பவுண்டு கட்டணத்தோடு, கணக்குடன் சேர்த்தே அனுப்ப வேண்டும். கணக்கை மட்டும் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கெடு தாண்டியிருந்தால் அபராதமும் ஓடத் தொடங்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் அனுப்பி மாட்டிக்கொள்ளாமல் செப்டம்பரிலேயே அனுப்பிவிடுங்கள்.

அந்தப் படிவம் நான்கு விஷயம் கேட்கிறது: ஆண்டில் என்ன செய்து யாருக்கு என்ன பயன் கிடைத்தது, சம்பந்தப்பட்டவர்களிடம் எப்படிக் கருத்துக் கேட்டீர்கள், டைரக்டர்களுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், சொத்து எதையாவது முழு விலை வாங்காமல் யாருக்காவது கொடுத்தீர்களா. முதல் பகுதியில் 'பெண்களை வலுப்படுத்தினோம்' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். இது பொதுவெளியில் இருக்கும், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம், நிதி தருகிறவர்கள் படிக்கவும் செய்கிறார்கள். எத்தனை வகுப்புகள், எத்தனை பெண்கள், அதில் எத்தனை பேர் ஆங்கிலத் தேர்வு எழுதினார்கள் அல்லது வேலைக்குப் போனார்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

கணக்குப் படிவம் பற்றிக் கவலை வேண்டாம், இந்த அளவு கம்பெனி 'மைக்ரோ' வகையில்தான் வரும், ஆடிட் தேவையில்லை. 2025 ஏப்ரல் 6 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்குகிற ஆண்டுகளுக்கு அந்த வகையின் விற்றுவரவு வரம்பு 10 லட்சம் பவுண்டு. மைக்ரோ கணக்கில் விவரம் மிகக் குறைவு என்பதுதான் அதன் வசதி, அதுவே அதன் குறையும். அதனால் உங்கள் ஆட்களுக்கு நீங்களே வேறு ஒரு தாள் தயாரிக்க வேண்டும்.

அதற்கு முன்னால், கையெழுத்து விஷயம். பெண்கள் அமைப்புகள் பல அக்காவும் தங்கையும், அம்மாவும் மகளும், ஒரே வீட்டு மருமகள்களும் சேர்ந்து தொடங்குபவை. பாசமான தொடக்கம்தான், ஆனால் லாட்டரி நிதியம் உட்படப் பலர், உறவினர் அல்லாத, ஒரே வீட்டில் வசிக்காத இரண்டு பேராவது டைரக்டர்களில் இருக்க வேண்டும் என்கிறார்கள். வங்கியில் பணம் போக இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும் என்று அமைத்துக்கொள்ளுங்கள், அந்த இரண்டு பேர் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டாம். இது யாரையும் நம்பாததால் அல்ல, பணத்தைக் கையாளுகிற பெண்ணுக்குத்தான் இது பாதுகாப்பு. பேச்சு வந்தால் முதலில் அடிபடுவது அவர் பெயர்தானே.

உங்கள் ஆட்களுக்கான அந்தத் தாள் ஒரே பக்கம் போதும். மேலே வரவு ஐந்து வரி, நடுவில் செலவு ஒன்பது வரி, கீழே மூன்று எண்கள்: வங்கியில் எவ்வளவு, அதில் வேலைக்கும் பாக்கிக்கும் ஒதுக்கியது எவ்வளவு, நமக்கே சொந்தம் எவ்வளவு. அதற்கும் கீழே சம்பளமில்லாமல் உழைத்த மணி நேரங்கள். ஏப்ரலிலோ மேயிலோ ஒரு வகுப்பு நாளில், டீ போட்டு வைத்துவிட்டு, இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். தமிழோ உருதோ சோமாலியோ, வந்திருப்பவர்களுக்குப் புரிகிற மொழியில். ஆங்கிலம் படிக்கத் தெரியாததாலேயே தன் அமைப்பின் கணக்கு ஒருவருக்குத் தெரியாமல் போகக் கூடாது. சாப்பாட்டு ஆர்டருக்கு ஏன் விலை ஏற்றக் கூடாது, பஸ் காசு ஏன் எல்லோருக்கும் இல்லை, கூடத்தை மாற்றினால் என்ன என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள் என்பதையும் அன்றே எழுதி வைத்துக்கொண்டால், சிஐசி34-ன் இரண்டாம் பகுதிக்கு வேறு எங்கேயும் தேட வேண்டியதில்லை.